பல்லுக்கு ஏன் வஸ்தியான் வந்தவன்?

வஸ்தியான் எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த மீன் நழுவி வாளிக்குள் விழுந்தது. ஏழு வருடமாக அந்த மனிதன் எங்கள் வளவுக்குள் கால் வைத்ததில்லை. அன்றைக்கு வெள்ளைச் சேட்டு, கோயிலுக்குக் கட்டுகிற சாரம், தலை நிறைய எண்ணெய். கையில் ஒரு பேப்பர் பை. பைக்குள் தோடம்பழம்.

"மனுவேல் நிக்கிறாரோ?"

நிக்கிறாராம். அதற்கு முந்தின மாதம்வரை என் அண்ணனைப் பற்றி அவன் வாயில் வந்த சொற்களை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

அண்ணன் பூவரசு மரத்தின் கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வஸ்தியான் கதிரையின் நுனியில் இருந்தான்.

"எப்பிடி மனுவேல், சுகமோ?"

"பல்லுத்தான். பிடுங்கியாச்சு."

"ஓமோம், பல்லுத்தான். பல்லுத்தானே." வஸ்தியான் தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்தான். "பழசையெல்லாம் மறப்பம், மனுவேல். களப்பில அந்த இடம் உன்ர இடம்தான். நீயே வைச்சிரு. எனக்கு வேண்டாம்."

பையை வைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டான். அண்ணன் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தோடம்பழத்தை எடுத்து மணந்தார். திரும்ப வைத்தார்.

"பிலோமி, இஞ்ச வா."

"என்ன அண்ணை?"

"பல்லுக்கு ஏன் வஸ்தியான் வந்தவன்?"

வாங்கிலே இருந்தவர்

போன கிழமை நான் ஆஸ்பத்திரிக் குசினிச் சமையலைப் பற்றி எழுதியதற்கு, "ஏன் இந்த அம்மா எப்போதும் ஏசுகிறார்?" என்று ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். இந்தக் கிழமையும் ஏசத்தான் போகிறேன். விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் அற்றென்டன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். எல்லா இடத்திலும் வழக்கம் ஒன்றுதான். நோயாளியை வெளி வாங்கில் இருத்திவிட்டு, சொந்தக்காரரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு டொக்டர் விஷயத்தைச் சொல்லுவார். நோய் வாங்கில் இருப்பவருக்கு, செய்தி மற்றவர்களுக்கு. அந்தக் கதவைச் சாத்துகிற வேலை என்னுடையது. எத்தனை தரம் சாத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தரம்கூட யோசித்ததில்லை.

அண்ணன் வாங்கில் இருந்த அன்றைக்கு நான் கதவுக்கு உள்பக்கம் நின்றேன்.

அவருடைய இடக் கன்னத்துக்குள்ளே, வெற்றிலையை அடக்கி வைத்திருக்கிற இடத்தில், ஒரு புண். மாதக்கணக்காக ஆறவில்லை. "புற்றுநோய்" என்றார் டொக்டர். "வெளியில பரவேல்லை. இந்த மாதத்துக்குள்ள கொழும்புக்குக் கொண்டுபோனா கரண்ட் பிடிச்சுச் சுகப்படுத்தப் பாக்கலாம். பிந்தினா நான் ஒண்டும் சொல்லேலாது." ஒட்டிய கடிதம் ஒன்றைத் தந்தார். கரண்ட் என்று நாங்கள் சொன்னது கதிர் வைத்தியத்தை.

வீட்டுக் குசினிக்குள் கூட்டம் கூடியது. அண்ணனின் மனைவி, என் மச்சாள் திரேசம்மா, அவளுடைய சொந்தக்காரர், நான். "அவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அண்டைக்கே செத்துப்போவார்" என்று மச்சாள் அழுதாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வெட்கம்கெட்டவள். என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில் பல் என்று முடிவானது. கன்னமும் பல்லும் பக்கத்தில் பக்கத்தில்தானே.

"பல்லு வேர் பழுதாம். கொழும்பில காட்டவேணுமாம்" என்று மச்சாள் சொன்னாள்.

"பல்லுக்கு ஆரடி கொழும்புக்குப் போறது? இறால் படுகிற நேரம்" என்றார் அண்ணன்.

நியாயமான கேள்வி.

நெருப்புப்பெட்டிக்குள் கொழும்பு

மூன்றாம் நாள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்குப் போனார். அங்கே ஒரு தச்சுவேலைக்காரர், நல்ல குறடு வைத்திருந்தவர், பல்லும் பிடுங்குவார். பின்னேரம் அண்ணன் திரும்பி வந்தார். வாய் நிறையப் பஞ்சு. சாராய மணம். சேட்டில் இரத்தம். ஆனால் முகத்தில் ஒரே சந்தோசம். சேட்டுப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு பல்.

"இந்தா கிடக்கு உங்கட கொழும்பு" என்றார்.

மச்சாள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் குசினிக்குள் ஓடினாள். நான் பல்லை எடுத்துப் பார்த்தேன். வெற்றிலைக் கறையைத் தவிர அதில் ஒரு குற்றமும் இல்லை. வேர் சுத்தமாக இருந்தது. என் அண்ணனிடம் இருந்த ஆக நல்ல பல்லை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்குவித்துவிட்டோம்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்க இரண்டு நாள் எடுத்தது. டொக்டர் சொன்ன மாதத்தில் ஒரு கிழமை போய்விட்டது.

தோடம்பழம்

செய்தி ஊருக்குள் போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மச்சாள் மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தாள், "மனுவேலின் சுகத்துக்காக" என்று. பல்லுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிற ஊர் உலகத்தில் இல்லை. அதுவே போதும்.

வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பை தோடம்பழம். வாய்க்குள் புண் உள்ள மனிதனுக்குப் புளிப்பான தோடம்பழம்! ஒரு சுளை வைத்தால் அண்ணன் கூரைக்குத் துள்ளுவார். ஒருவராவது யோசித்தார்களா? வருத்தக்காரனைப் பார்க்கப் போவதென்றால் தோடம்பழம், அவ்வளவுதான். அவ்வளவையும் நான் தின்றேன். தோலை ஆடு தின்றது. அந்த மாதம் எங்கள் ஆட்டுப் பாலிலும் தோடம்பழ மணம் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வந்தவர்கள் அண்ணனைப் பார்த்துச் சத்தமில்லாமல் கதைப்பார்கள். காலநிலை, காற்று, கரைவலைக்காரரின் சண்டை. பிறகு குசினிக்குள் வந்து மச்சாளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாகப் போவார்கள். ஆறுதல் அவர்களுக்கு. எங்களுக்குக் கழுவ வேண்டிய கோப்பைகள்.

இப்போது இதற்கெல்லாம் படித்த ஆட்கள் வருகிறார்களாம். உளவளத்துணை என்று ஒரு பெயரும் இருக்கிறதாம். நோயாளியோடு இருந்து கதைப்பார்களாம், குடும்பத்தோடும் கதைப்பார்களாம். நல்ல விஷயம். அப்போது எங்களிடம் இருந்தது தோடம்பழம் மட்டும்.

ஐயா கேட்டது

இதற்குப் பல வருடம் முந்தி எங்கள் ஐயாவுக்கும் இதைத்தான் செய்தோம். அவருக்கு வயிற்றில். நாங்கள் வாய்வு என்று சொன்னோம். அவர் அதை நம்பி, உள்ளியும் இஞ்சியும் அவித்துத் தரச் சொல்லிக் குடித்துக்கொண்டே இருந்தார். வீடு முழுக்க உள்ளி மணம். கடைசிக் கிழமை என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் பிள்ளை, ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கிறியளில்லை?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாக்கிறந்தானே ஐயா" என்றேன்.

அந்த மனிதன் வீட்டில் இத்தனை பேர் இருக்க, தனியே செத்தார். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

மறுமொழி

ஆகவே பூவரசின் கீழே அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, நான் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, வஸ்தியான் இருந்த கதிரையில் இருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"அது பல்லில்லை அண்ணை. கன்னத்துக்குள்ள இருக்கிறது புற்றுநோய். டொக்டர் முதல் நாளே சொன்னவர்."

அவர் கையில் வலை ஊசி இருந்தது. இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டார்.

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"வஸ்தியானுக்கும்?"

"ஓம்."

"எனக்கு முதல்?"

"ஓம் அண்ணை."

அவர் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார். அதை எங்கே போனாலும் கொண்டுதிரிந்தார், எல்லோருக்கும் திறந்து காட்டுவதற்கு.

"அப்ப இது?"

"அது நல்ல பல்லு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வலியில் கண்ணீர் வர, குனிந்து சிரித்தார். "நல்ல பல்லைப் பிடுங்கி ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஒருத்தியும் வாய் திறக்கேல்லை!" பிறகு சிரிப்பு நின்றது. "சாவனோ?"

"தெரியாது. இப்ப கொழும்புக்குப் போனா வழி இருக்கெண்டு டொக்டர் சொன்னவர். போகாட்டி இல்லை."

உண்மையைச் சொன்னவுடன் அவர் சைக்கிளில் ஏறிக் கொழும்புக்குப் புறப்பட்டுவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கும் மூளை அவ்வளவுதான். அண்ணன் உள்ளே போய்ப் பாயில் படுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சாள் என்னை ஏசிய ஏச்சில் ஆடு கட்டறுத்துக்கொண்டு ஓடியது.

இரண்டு நாள் கழித்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "வஸ்தியானே அந்த இடத்தை விட்டிட்டான். ஏழு வருசம் விடாதவன். நான் முடிஞ்சனெண்டு அவனுக்குத் தெரியாமலே விட்டவன்? பிறகேன் கொழும்பு? இஞ்சயே கிடக்கிறன்."

கண்டறியாத சமாதானம்

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வட்டுவாகல் பக்கம், களப்புத் தண்ணீர் கடலோடு சேரப்போகிற வாய்க்குக் கிட்ட, கம்பு நட்டு இறால் வலை கட்டுவார்கள். முதல் வரிசையில் வலை கட்டுகிறவனுக்குத்தான் நல்ல இறால். அந்த முதல் வரிசையில் ஓரிடம் தன் தகப்பனுடையது என்று அண்ணன் சொல்வார், தன் தகப்பனுடையது என்று வஸ்தியான் சொல்வான். கோயிலில் ஒருவர் வலப்பக்க வாங்கு, மற்றவர் இடப்பக்க வாங்கு. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கச் சொன்னால் இருவரும் தூணுக்குக் கொடுப்பார்கள்.

நான் நேரே கரைக்குப் போனேன். வஸ்தியான் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத என் பேனா விடாது. ஆனால் முகத்துக்கு நேரே அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், வளர்ப்பு அப்படி.

"வஸ்தியான் அண்ணை, ஆரைக் கேட்டு எங்கட வீட்ட வந்தனீங்கள்?"

"என்ன பிள்ளை, நான் நல்லதுக்குத்தானே..."

"ஆரின்ர நல்லதுக்கு? உங்கட நித்திரைக்கு! செத்தவனோட கோவம் இருந்திடப்படாதெண்டு உயிரோட இருக்கிறவனைச் சாக்காட்டிப்போட்டு வந்திட்டியள்."

"சுவாமி பிரசங்கத்தில சொன்னவர்..."

"சுவாமியோட நான் பிறகு கதைக்கிறன். இப்ப எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அந்த இடம் உங்களுக்கு வேண்டாமோ?"

அவன் களப்பைப் பார்த்தான். கண்ணில் பழைய வஸ்தியான் எட்டிப் பார்த்தான்.

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள். போய் மாத்திச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் காலை மச்சாள் மூச்சுவாங்க ஓடிவந்தாள். அண்ணனுடைய இடத்தில் வஸ்தியான் கம்பு நட்டு வலை கட்டிவிட்டான். நான் சொன்னதால் செய்தானா, இறால் ஆசையில் செய்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சொன்னதால்தான் என்று அவன் சொல்வான். அந்த மாதம் அவன் அள்ளிய இறாலைப் பார்த்தவள் நான். நம்பமாட்டேன்.

அண்ணன் பாயிலிருந்து எழும்பினார். சேட்டுக்கூடப் போடவில்லை. கரையில் நின்று, புண் வாயைத் திறந்து கத்தினார்.

"டேய் வஸ்தியான்! ஆரின்ர இடத்திலயடா கம்பு நட்டிருக்கிறாய்?"

"ஆளில்லாத இடம். நட்டன்."

"நானென்ன செத்தே போனன்?"

"கொழும்புக்குப் போகப் பயந்து பாயில கிடக்கிறவனும் செத்தவன்தான்!"

"நான் வந்து கழட்டுவன்ரா. பாத்துக்கொண்டிரு!"

"வா. வந்து கழட்டு. நானெங்க போறன்?"

அண்ணன் இரத்தத்தோடு துப்பினார். திரும்பி நடந்தார். படலைக்கு வந்ததும் என்னைக் கேட்டார்: "வவுனியா பஸ் எத்தினை மணிக்கு?"

எதிரியின் கடிதம்

நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். வவுனியாவரை பஸ், பிறகு ரயில். கொழும்பில் தமிழரை அடித்த கலவரம் நடந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. கொழும்புக்குக் கிட்டக் கிட்ட, "அண்ணை" என்று சத்தமாகக் கூப்பிட எனக்குப் பயம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட். அண்ணனுக்குத் தெரிந்த சிங்களம் முழுக்க மீன்களின் பெயர். அதை வைத்தே பக்கத்துக் கட்டிலோடு சிநேகமாகிவிட்டார்.

மற்றப் பக்கத்துக் கட்டிலில் ராமையா. மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்தவர். "எங்க வீட்டுல வயித்துப் புண்ணுன்னு சொன்னாங்க. இங்க வந்து போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

மூன்றாம் கிழமை கரண்ட் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அண்ணனின் கன்னம் கறுத்து உரிந்தது. எச்சில் வற்றியது. சோறு மண் மாதிரி இருந்தது. "போதும், வீட்ட போவம்" என்று சாரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். பாதியில் விட்டால் எல்லாம் வீண் என்று நேர்ஸ் சொன்னார், நான் சொன்னேன். கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் கடிதம் வந்தது. அண்ணனுக்கு வாய் ஏலாது. நான் உறையைக் கிழித்தேன். ராமையா வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"மனுவேலுக்கு. உன்ர இடத்தில இறால் நல்லாப் படுகுது. நீ கட்டின காலத்தில இப்பிடிப் பட்டதில்லை. உன்ர கைராசி அப்பிடி. ஆறுதலா வா. எனக்கு ஒரு அவசரமுமில்லை. இப்படிக்கு வஸ்தியான்."

வார்டில் தமிழ் தெரிந்த எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பையிலிருந்து சாரத்தை எடுத்துக் கட்டிலில் போட்டார். மறுமொழி எழுதச் சொன்னார். அவர் சொன்ன முதல் வரியை நான் எழுத மறுத்தேன், ராமையா எழுதினார்.

கிழமைக்கொரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் வாசலில் தெரிந்தாலே, "சண்டை வந்துருச்சா?" என்று ராமையா கேட்பார். "எங்க ஆளுங்க வந்தாலும் அழுவுறாங்க, போனாலும் அழுவுறாங்க தம்பி. எனக்கும் இப்படி ஒரு எதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்று அண்ணனிடம் சொல்வார். ராமையா வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைசி இரண்டு கடிதத்தை அண்ணன் தானே, அந்த வாயால், அவருக்கு வாசித்துக் காட்டினார்.

கம்பு

எல்லாம் முடிந்து ஊரில் பஸ்ஸால் இறங்கியபோது அண்ணன் பாதி ஆளாக இருந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே களப்பு. நாங்கள் வருகிற நாள் ஊருக்குத் தெரியும், மச்சாளுக்குக் கடிதம் போட்டிருந்தேன். வஸ்தியான் கரையில் நின்றான். அண்ணனின் கறுத்த கன்னத்தையும் தோள் எலும்பையும் கண்டதும் அவன் முகம் கோணத் தொடங்கியது. நான் அண்ணனுக்குப் பின்னால் நின்று அவனை ஒரு முறை முறைத்தேன். அழுகையை விழுங்கிக்கொண்டான்.

"வந்திட்டியோ? போய்க் கழட்டு பாப்பம்" என்றான்.

களப்புச் சேற்றில் மாதக்கணக்கில் நின்ற கம்பை இழுப்பது சின்ன வேலையில்லை. நான் சின்ன வயதில் ஐயாவோடு இழுத்திருக்கிறேன். திடமான இரண்டு பேர் நின்று, ஆட்டி ஆட்டித்தான் எடுக்கலாம். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கம்பைப் பிடித்தார். ஒரே இழுவை. வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

"கம்பு நடவும் தெரியாது, கடிதம் எழுதவும் தெரியாது உனக்கு!" என்று அண்ணன் இரண்டு கம்பையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினார். அவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

நான் வஸ்தியானைப் பார்த்தேன். நெஞ்சுவரை நனைந்து, சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் களப்பின் அடிச் சேறு. நாங்கள் வரும்போது கரையில் சும்மா நிற்கிற ஆள்போல நின்றவன். அவன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

உள்ளதை மறைக்காதே என்று இவ்வளவு நேரம் கத்தியவள், இதை மட்டும் என் அண்ணனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வவுனியா பஸ்ஸில் ஊருக்கு வரும். மனுவேல் அண்ணை அதை வாங்கி, பொருந்தாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசிப்பார். மத்தியானத்துக்குள் என் படலையில் வந்து நின்று கத்துவார்.

வரட்டும்.